இறங்கும் வழிக்கு மணல் மூட்டை

பென்னாகரத்துக்கு அப்பால், காட்டுக்குள் இருக்கும் அந்த மலையூருக்குப் பாறைத் தடம் மட்டுமே உண்டு. எங்கள் தொண்டு அமைப்பின் நான்கு சக்கர இழுவை பிக்கப் வண்டி திங்களும் வியாழனும் அங்கே அரிசி மூட்டைகளை ஏற்றிப் போகும். திரும்பும்போது, சிறுநீரகம் செயலிழந்த, ஆடு மேய்த்துவந்த அக்கா ஒருவரை டயாலிசிஸுக்காகத் தருமபுரிக்கு அழைத்து வரும்; மறுநாள் வீட்டில் கொண்டுவிடும். கால்கள் வீங்கி உட்கார முடியாதவர் என்பதால், பின்புறம் மெத்தை விரித்துப் படுக்கவைப்போம்.

பாரத்தில் வண்டி தாழ்ந்து பாறையில் இடித்ததால், பட்டறையில் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்த்தோம். ஏறும்போது வண்டி நிமிர்ந்து நின்றது. அரிசி இறங்கியபின், அதே பட்டைகள் காலி வண்டியைத் தூக்கித் தூக்கி அடித்தன. கழற்றினால் ஊருக்கு அரிசி பாதியாகும். விட்டுவைத்தால் அக்காவின் உடம்பு தாங்காது. நான் கண்ட நடுவழி, இறங்கும்போது மணல் மூட்டைகளை ஏற்றுவது. ஓடையில் மணல் அள்ளி, பின் அச்சுக்கு மேலே அடுக்கி, டயர்களில் காற்றைக் குறைத்த பிறகே புறப்படுவோம்.

"என்னைவிட மூட்டையத்தான் கெட்டியா கட்டறீங்க" என்று அக்கா ஓட்டுநரைச் சீண்டுவார்.

"அது உருண்டா உங்கமேலதானேக்கா வுழும்!"

மழை வந்து தடத்தின் மண்ணை அரித்துச் சென்றது. பாறைகள் பல்லைக் காட்டின. மூட்டைகளைக் கூட்டினோம், காற்றை இன்னும் குறைத்தோம். சாலை கேட்டு எழுதிய மனுவுக்கு, அது வனநிலம் என்று பதில் வந்தது.

ஒரு வியாழனன்று மூட்டைகளைக் கட்டி முடித்து மெத்தையை விரித்தோம். அக்கா வாசலைவிட்டு நகரவில்லை.

"இனிமே நான் வரலைங்க சார்."

"நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமாக்கா?"

"தெரியுங்க. அங்க போயி புடிச்சு வெக்கிற உசுரு இந்த வழியிலயே போயிடுது. எத்தன மூட்டை போட்டாலும் கல்லு கல்லுதானுங்க."

தருமபுரியிலேயே தங்க இடம் பார்ப்பதாகச் சொன்னேன்.

"இருக்கற வரைக்கும் எம்வூட்லயே இருந்துக்கறனுங்க" என்றார்.



"மூட்டைய எறக்கிடலாங்களா சார்? ஆளில்லாம எதுக்குப் பாரம்?" என்றார் ஓட்டுநர். நான் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். மணலோடும் காலி மெத்தையோடும் இறங்கினோம். அன்று வண்டி அவ்வளவாகக் குலுங்கவில்லை.

திங்களன்று அரிசி முழுப் பாரமாக மலையேறும். பட்டைகளைக் கழற்றுவதா வேண்டாமா என்று இனி யாரும் யோசிக்க வேண்டியதில்லை.