படம் இருக்கிறவரை

தெருவில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லாம் வீடு மாறிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு அவன் பொட்டிக்காரன். பள்ளி நாட்களில் அப்பா வாங்கிக் கொடுத்த, டி.வி.யோடு இணைக்கிற கம்ப்யூட்டரை நரை விழுந்தும் விடாதவன். வேலை, கல்யாணம் எல்லாம் அவனைத் தொட்டும் தொடாமலும் போயின. அதில் அவன் எழுதிய விளையாட்டுக்குள் இருந்த ஊர் மட்டும் தெருத்தெருவாக வளர்ந்துகொண்டிருந்தது.

பழைய விளையாட்டுகளை வெளியிடும் கம்பெனி ஒன்று "அனுப்புங்கள், பார்க்கலாம்" என்று சொன்ன வாரத்தில்தான் அண்ணன் வீட்டை விற்றார்.

வாசலில் வேன் நின்றது. விளையாட்டைச் சேமித்து வைத்திருந்த ஒரே டிஸ்க் கடைசியாக ஒருமுறை கரகரத்துப் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. இனி விளையாட்டு இருப்பது பெட்டியின் நினைவகத்தில் மட்டும். கரண்ட் போனால் அதுவும் போச்சு. சீரியல் கேபிளால் பெட்டியை இரவல் லேப்டாப்போடு இணைத்து, எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினான்.

"டி.வி.யில படம் இருக்கிறவரைக்கும் தொட்டுராதீங்கண்ணே."

"எவ்வளவு நேரம்டா? டிரைவர் கத்துறான்."

"மெதுவாத்தான் போகும்."

"உனக்குன்னே பார்த்து வாங்கியிருக்காரு அப்பா."

சுருக்கென்றது. அனுப்புவதை நிறுத்தி, வேகத்தைக் கூட்டி மறுபடி தொடங்கினான், லேப்டாப்பில் எழுத்துகள் சிதறின. கேபிள் வழியே அனுப்புவதற்கென்று தனிச் சில்லு அந்தப் பெட்டியில் கிடையாது. ஒரே ஆள் அடுப்பையும் பார்த்து வாசலையும் பார்க்கிற வீடு அது. திரையில் படம் வரையும் நேரமெல்லாம் அனுப்புகிற வேலை தடுமாறும். படத்தையே அணைத்துவிட்டால் இருமடங்கு வேகம் தாங்கும். அணைத்தான். டி.வி. இருண்டது. லேப்டாப்பில் எழுத்துகள் பிசகாமல் ஓடின. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அண்ணனை முந்தப்போகிற மாதிரி இருந்தது.

"தம்பி, பீரோ படியில மாட்டிக்கிச்சு. ஒரு கை குடுங்க" என்று கீழேயிருந்து அண்ணி கூப்பிட்டார். ஓடினான்.

திரும்பி வந்தபோது அண்ணன் வயரை ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"படம் போயிடுச்சு, முடிஞ்சுதுன்னு பிளக்கை எடுத்துட்டேன். நீ சொன்னபடிதான்."

லேப்டாப்பில் எழுத்துகள் நடுவரியில் நின்றிருந்தன. திட்டுவதற்கு ஒரு காரணம் தேடினான். அதையும் அண்ணன் மிச்சம் வைக்கவில்லை.

"என்னடா, வந்துருச்சா?"

"பாதி வந்திருக்குண்ணே."

"அப்புறமென்ன? மீதியைப் புதுசா எழுதிக்கோ. சும்மாதானே இருக்கே."

அண்ணன் பெட்டியைத் துடைத்து அவன் கையில் கொடுத்தார்.

"பின்னால வச்சா உடைஞ்சிரும். மடியிலேயே வச்சுக்கோ" என்றார் அக்கறையாக.