மூன்று வீட்டு அரிசியும் ஒரு ரைட்டும்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது குளிர் இல்லை, பக்கத்து வீட்டு பீட்டர். தினமும் காலையில் நாயோடு போகும்போது "ஆல் ரைட்?" என்று கேட்பார். நலமா என்று அர்த்தமாம், என் மனைவி கலா சொன்னாள். கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா? முழங்கால் வலியில் ஆரம்பித்து, நான் தூக்கம் வராத கதைக்கு வருவதற்குள் அவரும் நாயும் தெருமுனையில் இருப்பார்கள்.

எனக்கு அந்த வார்த்தை புதுசு இல்லை. புதுச்சேரியில் முதலியார்பேட்டையிலிருந்து கோரிமேடு போகும் டவுன் பஸ்ஸில் பதினோரு வருடம் கண்டக்டராக இருந்தவன் நான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைத்தே குடும்பம் நடத்தினேன். "ரைட்" என்றால் பஸ் கிளம்பும். ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளி இறங்கியதும் "ரைட்டு" என்று இழுத்தால், மெதுவாய் எடு, அவர் இன்னும் ரோட்டைத் தாண்டவில்லை என்று டிரைவர் அண்ணனுக்குப் புரியும். சண்டைக்கு வருகிறவரிடம் "ரைட்டு விடு" என்றால் சமாதானம். கலாவைப் பெண் பார்த்துவிட்டு வந்து, அப்பாவிடம் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதும் அதே "ரைட்டு"தான். இந்த ஊரிலோ மழையைப் பார்த்தாலும் ரைட், திகைத்தாலும் ரைட். தொடையைத் தட்டி "ரைட்" என்றால் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். அது மட்டும் எனக்கு உடனே விளங்கியது.

கலாவுக்கு நர்ஸ் வேலையும் விசாவும் கிடைத்தால், எந்த ஊரில் இருந்தாலும் புரட்டாசி சனிக்கிழமை மூன்று வீட்டில் அரிசி வாங்கித் தளிகை போடுவதாகப் பெருமாளிடம் வேண்டியிருந்தேன். மூன்று சனி கலாவின் டியூட்டியில் போனது. கடைசிச் சனியையும் விட்டால் சொன்ன சொல் தவறிவிடும். எங்கள் தெருவில் தமிழர் யாரும் இல்லை. ஊரில் நாமம் போட்டுச் செம்போடு இறங்கினால், இரண்டாவது கோவிந்தாவுக்குள் அரிசி வந்து விழும்.

"ஏங்க, இங்க அப்படியெல்லாம் கத்தக்கூடாது. போலீசக் கூப்புட்டுருவாங்க," என்றாள் கலா.

"பெருமாளக் கூப்புட்டா போலீசு ஏன் வருது? மெதுவா சொல்றேன்."

மஞ்சள் வேட்டி, மேலே கோட்டு, வெறுங்கால். பீட்டர் கதவைத் திறந்தார். "கோவிந்தா," என்றேன், ரகசியம் போல. "ரைஸ். லிட்டில் ரைஸ். ப்ளீஸ்."

அவர் செம்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "ஆர் யூ ஆல் ரைட்?" என்று கேட்டுவிட்டு, முதல் தடவையாகப் பதிலுக்கு நின்றார். நான் மேலே கையைக் காட்டி, "காட். ரைஸ்," என்றேன். "ரைட்," என்று முனகியபடி உள்ளே போய் ஒரு டின் கொண்டுவந்தார். எதிர்வீட்டு ஜூன் அம்மா ஒரு பாக்கெட் அரிசியோடு கம்பளி சாக்ஸும் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வீட்டில் அரைப் பாக்கெட் அரிசி.

கலா டின்னைத் திறந்தாள். பாலும் சர்க்கரையும் போட்டு வெந்த சோறு.

"அரிசி கேட்டா சோத்த வாங்கினு வந்திருக்கீங்க. ரெண்டு வீடுதான் கணக்கு."

காலிங் கார்டு போட்டு, போனில் ஊரிலிருக்கும் தம்பியைக் கேட்டேன், வெந்த சோறு ஆகுமா என்று. "இரு, கோயில்ல ஐயரக் கேட்டுட்டு வர்றேன்," என்று அவன் போனதோடு கார்டு தீர்ந்தது.

பெருமாள் படத்துக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது கதவு தட்டப்பட்டது. பீட்டர், ஜூன் அம்மா, இன்னும் இரண்டு பேர். கையில் உருளைக்கிழங்கு, பால், போர்வை. பீட்டரின் தோளில் ஒரு மூட்டை அரிசி. எங்கள் வீட்டில் அடுப்பே எரியவில்லை என்று தெரு முழுக்க முடிவு செய்திருந்தது.

கலா சிரித்துச் சிரித்து விளக்கினாள். பீட்டர் காதுவரை சிவந்துபோனார். நான் மூட்டையைப் பிரித்துச் செம்பை நீட்டினேன். ஒரு கைப்பிடி போட்டார். "கோவிந்தா," என்றேன், இந்தத் தடவை ஊர்ச் சத்தத்தில். "கோவிண்டா," என்றார் பீட்டர். தளிகை ஆனதும் எல்லோரும் சாப்பிட்டார்கள். பீட்டர் புளியோதரைக்கு நான்கு டம்ளர் தண்ணீர் குடித்து, தொடையைத் தட்டி எழுந்தார்.

இப்போதெல்லாம் பீட்டர் "ஆல் ரைட்?" என்று கேட்டுவிட்டு நிற்கிறார். நாயும் உட்கார்ந்துகொள்கிறது. வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்தபடி முழங்கால் வலியை முழுசாகச் சொல்கிறேன். முடிந்ததும் என் கை தானாகக் கதவை இரண்டு தட்டு தட்டுகிறது. "ரைட்," என்கிறேன். அவர்கள் கிளம்பிப் போகிறார்கள். நான் மட்டும் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல், அடுத்து கோரிமேடு வந்துவிடும் என்பது போலப் படியிலேயே நிற்கிறேன்.