வசிலின் சாய்ந்த கோடுகள்

வசில் இடது கைக்காரன். மலையேறுவோருக்கு வழிகாட்ட, காட்டு பீச் மரங்களின் அடிமரத்தில் அவன் தீட்டிய பாதைக் கோடுகள் எல்லாம் வலப்பக்கமாகச் சரிந்தே நிற்கும். விஹோர்லாத் மலையின் சிவப்புக் கோட்டுப் பாதையில் ஏறியவர்கள் தலையைச் சாய்த்தபடியே ஊருக்குத் திரும்பினார்கள், அந்த வருஷம் மருந்துக் கடையில் கழுத்துவலித் தைலம் காலியாகிவிட்டது என்பார்கள். கரடிகளும் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் குகைக்குத் திரும்புமாம். நம்பாதவர்கள் கரடியையே கேட்டுக்கொள்ளலாம்.

அவன் மனைவி மார்கிதாவுக்கு இந்தக் கதை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள்தான் கூடவே நடந்தவள். முந்தைய மரத்தடியில் அவள் நிற்பாள், அவன் முன்னால் போய் ஒரு மரத்தில் உள்ளங்கையை வைத்து, "தெரியுதா?" என்று கத்துவான். "தெரியுது!" என்றால் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மூன்று கோடு. தெரியாவிட்டால், "இந்தப் பக்கம் வாய்யா, பூசணிக்காய்த் தலையா!" கல்யாணமான நாளிலிருந்து அவர்களுடைய குடும்பப் பேச்சில் பாதி இதுதான்.

இந்த வசந்தத்தில், காலைச் சாப்பாட்டுக்கு முன் வசிலின் இதயம் நின்றுபோயிற்று. கோடை மழையில் மலைச்சரிவும் இடிந்து விழ, மலையேறுவோர் சங்கம் பாதையை வேறு பக்கம் திருப்பிவிட்டது. பழைய கோடுகள் மேல் மரப்பட்டையின் நிறத்திலேயே சாம்பல் வர்ணம் பூசி மறைக்க ஆள் வேண்டியிருந்தது.

"நான் போறேன்," என்றாள் மார்கிதா. "அதுமேல வேற யார் கையும் படக் கூடாது."

வசிலின் தம்பி மிஹால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். அக்டோபர் மாதம். காடு முழுக்கச் செம்பு நிறம். முழங்கால் அளவு சருகு. இந்த முறை எல்லாம் தலைகீழ். அவள் பூசுவாள். அவன் தள்ளி நின்று பார்த்து, "தெரியல அண்ணி!" என்று குரல் கொடுப்பான்.

ஒவ்வொரு "தெரியல"வுக்கும் அவள் தூரிகையைத் துடைத்தாள். துடைக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அண்ணன் கோடு இவ்வளவு கோணலா? குடிச்சிட்டுப் போட்டாரா?"

"உன்னை மாதிரியா? உனக்கு நேர்க்கோடே ரெண்டா தெரியும்."

சுனையருகே ஒரு மரம். போன இலையுதிர்காலத்தில் அவன் கடைசியாகத் தீட்டியது. தும்மலில் கை ஆடியதால் சிவப்பிலிருந்து ஒரு சொட்டு வால்போல இறங்கியிருந்தது. அன்றைக்கு அதற்காக அவனைத் திட்டித் தீர்த்திருந்தாள்.

"நீ போய் ரொட்டியை எடுத்து வை, மிஹால். இதை முடிச்சிட்டு வந்துடறேன்."

அவன் போனான். அவள் அந்தச் சொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். டப்பாவை மூடினாள். ஒரு கோடுதானே, யார் பார்க்கப்போகிறார்கள்?

மேலே பாறையில் உட்கார்ந்து பன்றிக் கொழுப்பும் வெங்காயமும் வைத்து ரொட்டி தின்றார்கள். அப்போது கீழே சருகு சலசலத்தது. ஓர் இளம்பெண்ணும் அவள் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெண்ணும் ஏறி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தது இடிந்த சரிவுதான்.

"நில்லும்மா! எங்க போறீங்க? அந்தப் பக்கம் மலையே இல்ல!" என்று மிஹால் பாய்ந்தெழுந்தான்.

"சுனைகிட்ட கோடு இருந்துச்சே," என்றாள் அந்தத் தாய். "பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதான் இப்படி வந்தோம்."

"வால் வச்ச கோடு!" என்றது குழந்தை சந்தோஷமாக.

அவர்களை நல்ல பாதையில் ஏற்றிவிட்டு மிஹால் அண்ணியிடம் திரும்பி வந்தான். டப்பாவை எடுத்து அவள் முன் வைத்தான்.

அவள் சுனைக்கு இறங்கினாள்; மிஹாலும் பின்னால் வந்து தள்ளி நின்றான். முதலில் வெள்ளை போயிற்று, பிறகு சிவப்பு. சொட்டை மட்டும் கடைசிவரை விட்டுவைத்தாள். பிறகு அதுவும்.

"தெரியுதா?" என்று கத்தினாள்.

தூரிகையைத் துடைத்துவிட்டு மறுபடியும் கத்தினாள்.

"டேய் மிஹால், தெரியுதான்னு கேக்கறேன்ல!"

அவன் முகத்தைத் தொப்பியில் புதைத்துக்கொண்டு நின்றான். அவளே நடந்து அவனிடம் போய்த் திரும்பிப் பார்த்தாள். எல்லா மரமும் சாம்பல் நிறம், எல்லாம் ஒன்றுபோல. எந்த மரத்தடியில் இவ்வளவு நேரம் நின்றோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"தெரியல," என்றாள், முன்னால் யாரோ மரத்தில் கை வைத்துக் காத்து நிற்பதுபோல, உரக்க.