மூக்கு வேல்ராஜ்

உச்சிப்புளிப் பக்கம் வேல்ராஜ் என்ற பேரில் ஏகப்பட்ட ஆட்கள். அதனால் ஆளுக்கொரு பட்டம். மீன் வண்டி ஓட்டுகிறவர் லாரி வேல்ராஜ். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாதவர் மைக் வேல்ராஜ். இவன் மூக்கு வேல்ராஜ்.

மூக்கு ஒன்றும் பெரிதில்லை. சளி பிடித்தால் ஒழுகும் சாதா மூக்குதான். ஆனால் உலகத்தைச் சுற்றி வந்த மூக்கு. சொகுசுக் கப்பல் ஒன்றின் இத்தாலிய ரெஸ்டாரண்டில் ஒயின் ஊற்றும் வேலை வேல்ராஜுக்கு. பாட்டிலைத் திறந்து, கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு எடுத்து, "இது வேண்டாம் சார், வேறு தருகிறேன்" என்று இங்கிலீஷில் சொல்வான். கோட்டு போட்ட துரைமார்கள் வாயைத் திறக்காமல் தலையாட்டுவார்கள். ஒன்பதாவதில் கோட்டு அடித்தவனுக்கு இது போதாதா?

ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த மூக்கு செத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

கப்பலில் ஒரு காய்ச்சல் பரவியது. காய்ச்சல் போகும்போது வாசனையையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கப்பல் டாக்டர் கண்ணைக் கட்டிவிட்டுக் காப்பித்தூளை நீட்டினார். வேல்ராஜ் யோசித்து யோசித்து "ரோஜாப்பூ" என்றான். அடுத்த துறைமுகத்திலேயே இறக்கிவிட்டார்கள். ஊரில் "லீவு" என்று சொன்னான். லீவு முடியவே இல்லை.

கண்டுபிடித்தது அவன் மனைவி வீரலட்சுமி. புதுமடத்தில் கருவாடு எடுத்துச் சந்தைகளில் விற்கிறவள். ஒருநாள் அவள் வீடு திரும்பும்போது, கொட்டுவதற்காகத் தனியே வைத்திருந்த கெட்டுப்போன நண்டுக் குழம்பை இவன் சோற்றில் பிசைந்து ரசித்துத் தின்றுகொண்டிருந்தான். தெருவே மூக்கைப் பொத்தியிருந்தது. அவள் தட்டைப் பிடுங்கினாள், திட்டவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அடுப்படிக்குப் போய்ச் சிலிண்டரை மூடினாள்.

"இனிமே நான் இல்லாதப்ப அடுப்புப் பக்கம் போகப்படாது. சத்தியம் பண்ணுங்க."

"குழம்புக்கும் சிலிண்டருக்கும் என்னடி?"

"கேஸு கசிஞ்சா ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சத்தியம் செய்தான்.

இப்படி இருக்கும்போதுதான் முனீஸ்வரன் வந்தார். அபிராமத்தில் மிளகாய் மண்டி வைத்திருப்பவர். ஒரு தடவை இத்தாலிக்கு டூர் போய்வந்தார். வந்ததிலிருந்து தோசையைப் பார்த்தாலே அவருக்குப் பீட்சா ஞாபகம். கடற்கரையோரம் ரிசார்ட் கட்டி, அதற்குள் ஓர் இத்தாலிய ரெஸ்டாரண்டும் வைத்து, மதுவுக்கு லைசென்ஸும் வாங்கிவிட்டார். சென்னை ஏஜெண்டு ஒருவன் நீளமான ஒயின் பட்டியல் அனுப்பியிருந்தான்.

"ஏப்பா வேல்ராஜு, ஒரு பேரும் வாயில நுழைய மாட்டேங்குது. எது தேறும் எது தேறாதுன்னு நீதான் பாத்துச் சொல்லணும். சரியா வந்துச்சுன்னா கடையே ஒம்பொறுப்பு."

வேல்ராஜுக்கு வேறு வேலை தெரியாது. மூக்கு போனது தெரிந்தால் இதுவும் கிடையாது. "பாத்துருவோம் முதலாளி" என்று உட்கார்ந்தான்.

பட்டியலைப் பார்க்க மூக்கு தேவையில்லை. அது வரைக்கும் தப்பித்தான்.

"இந்த பரோலோவெல்லாம் குளிர் ஊருல கம்பளி போத்திக்கிட்டுக் குடிக்கிற சரக்கு முதலாளி. சித்திரையில இங்கன குடிச்சா ஆளு ஆவியாயிருவான்."

"பட்டியல்ல இருந்து அடிச்சிரு."

"இது ஒரே சரக்கு, வேற வேற லேபிள்ல மூணு எடத்துல இருக்கு."

"களவாணிப்பய! அதையும் அடி."

"இந்த வெர்மென்டினோ இருக்கட்டும். அவுக ஊருக் கடலோரத் திராட்சை. நம்ம நண்டுக்கும் எறாலுக்கும் சரியாப் பொருந்தும்."

முனீஸ்வரன் உருகிப் போனார். மறுநாள் மிச்சமிருந்த ஒயின்களில் மாதிரிக்கு ஒவ்வொரு பாட்டில் வந்து இறங்கியது. "ம், மோந்து பாரு" என்றார், கையைக் கட்டிக்கொண்டு.

வேல்ராஜின் நாக்குக்குப் புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு எல்லாம் இன்னும் தெரியும். அதற்கு மேல் எல்லாமே பச்சைத் தண்ணீர்தான். கிளாஸைச் சுழற்றினான். மூக்கை விட்டான். உள்ளே ஒன்றுமில்லை; பூட்டிய வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது. சட்டென்று நிமிர்ந்தான்.

"மிளகாய் மண்டிக்காரவுக பக்கத்துல நின்னா நெடி அடிக்கும் முதலாளி. வீட்டுல அமைதியா வச்சுப் பாத்துட்டு வாரேன்."

மருந்து பாட்டில்களில் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். வீரலட்சுமி இடுப்பில் கை வைத்தாள்.

"குடும்பப் பொம்பளைய மதுவ மோக்கச் சொல்றீகளே, வெளங்குமா?"

"குடிக்கவா சொன்னேன்? மோந்துட்டுச் சொல்லு தாயி."

முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு மோந்தாள். ஒன்று நாவல்பழம் என்றாள். ஒன்று எலுமிச்சை இலை. ஒன்றில் மூக்கைச் சுளித்தாள். இடது பக்கம் மட்டும் மேலே ஏறும் ஒரு சுளிப்பு. "இது மழையில நனைஞ்ச சாக்கு."

வேல்ராஜ் ஆடிப்போனான். பாட்டிலை அடைக்கும் கார்க் கெட்டால் ஒயினில் அந்த வாடைதான் வரும். கப்பலில் எத்தனை தடவை அதை அவனே பிடித்திருக்கிறான்! மறுநாள் கெத்தாகப் போய், "இந்த பாட்டில் கார்க் கெட்டது" என்றான். ஏஜெண்டு பேசாமல் வேறு பாட்டில் அனுப்பினான். முனீஸ்வரன் மண்டிக்குப் போன் போட்டு, "அவன் மூக்குக்குக் கோயில் கட்டணும்டா" என்றார். பட்டியலும் அச்சுக்குப் போனது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த வேல்ராஜ் சந்தோஷமாக இல்லை. "கடைய மட்டுமில்ல, அடுப்படியையும் நானே பாக்கணுமாம்."

கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்த வீரலட்சுமியின் கை நின்றது. "வேணாங்க. உண்மையச் சொல்லிப்புடுங்க."

"தொறப்பு விழா முடியட்டும். சொல்லிருறேன்."

"எனக்கு மனசு சரியில்ல."

"ஒனக்கு என்னைக்குத்தான் சரியா இருந்துச்சு?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

திறப்பு விழா அன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி அசையாமல் கிடந்தது. சமையல்காரர்கள் வாழைமரம் கட்ட ரிசார்ட் வாசல் கேட்டுக்குப் போயிருந்தார்கள். கரண்ட் வேறு போய்விட்டது. ஏசி குளிர் வெளியே போகக் கூடாது என்று சன்னலெல்லாம் அடைத்திருந்த அந்த ரெஸ்டாரண்டில் வேல்ராஜ் தனியாக ஒயின் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான். வாசலுக்கு நேரே குத்துவிளக்கு, திரி போட்டு, எண்ணெய் ஊற்றித் தயாராக நின்றது. பக்கத்தில் தீப்பெட்டி.

தலை லேசாகக் கிறுகிறுத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டான்.

போன் அடித்தது. முனீஸ்வரன். "வழியில ரயில்வே கேட் போட்டுட்டான்யா. நல்ல நேரம் முடியப்போகுது. எனக்காகக் காத்திருக்காத, நீயே வெளக்க ஏத்திரு."

"நீங்க இல்லாம எப்படி முதலாளி?"

"ஏத்துய்யா. ஒங்கையால ஏத்துனா கடை வெளங்கும்."

வேல்ராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்கின் முன் நின்றான். தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியை எடுத்தான். வாசலில் செவலை நாய் நின்றது. தினமும் அவன் கையால் ரொட்டித் துண்டு தின்னும் நாய். அவன் காலுக்குள்ளேயே சுற்றும்; மிதிபட்டாலும் போகாது.

"வாடா, பூசைக்கு ஒரே ஆளு நீதான்."

நாய் வரவில்லை. ரொட்டித் துண்டைக் காட்டினான். படிக்கு வெளியிலேயே நின்று தலையைத் தாழ்த்தித் தரையை மோந்தது. பின்வாங்கியது. மறுபடி மோந்தது. அப்போது அதன் மூக்கு சுளித்தது. பல் தெரிய, இடது பக்கம் மட்டும்.

வேல்ராஜ் இரண்டு வருஷமாக மற்றவர்கள் மூக்கைப் பார்த்தே பிழைப்பு ஓட்டியவன். பால் கெட்டதா என்று வீரலட்சுமி மூக்கைப் பார்ப்பான். சாக்கடை பக்கமா என்று பஸ்ஸில் பக்கத்து ஆள் மூக்கைப் பார்ப்பான். இந்தச் சுளிப்பு அவனுக்கு மனப்பாடம்.

குச்சி பெட்டியின் ஓரத்தைத் தொட்டபடி இருந்தது.

அவன் உரசவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, பூனை மாதிரி பாதம் வைத்து நடந்து, நாயைத் தாண்டி வெளியே வந்தான். அப்போதுதான் உறைத்தது. கரண்ட் எந்த நொடியும் வரலாம். உள்ளே ஒயின் ஃபிரிட்ஜ் ஸ்விட்ச் போட்டபடி இருக்கிறது; ஒரு பொறி போதும். சுவரோரம் ஓடி வெளிப் பெட்டியில் மெயினை அமர்த்தினான். பின்பக்கம் போய்ச் சிலிண்டர்களை ஒவ்வொன்றாக மூடினான். கடைசித் திருகை இரண்டு கையாலும் பிடித்துத்தான் மூட முடிந்தது. சற்று நேரத்தில் பக்கத்து ஐஸ் கம்பெனியில் மோட்டார் கத்திக்கொண்டு ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது.

முனீஸ்வரன் கார் வந்தபோது வேல்ராஜ் மணலில் உட்கார்ந்திருந்தான். கேட்டிலிருந்து வந்த சமையல்காரர்கள் படியிலேயே மூக்கைப் பொத்தி அலறினார்கள். பீட்சா அடுப்பின் திருகை யாரோ சரியாக மூடாமல் விட்டிருந்தார்கள். முனீஸ்வரனும் வாசல் வரை போய் இருமிக்கொண்டு திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இதுக்குள்ளயா இவ்வளவு நேரம் இருந்த?"

"ஆமா."

"வெளக்கு ஏத்தச் சொன்னேனே..." முனீஸ்வரன் குத்துவிளக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "வாசல்ல நின்னா எனக்கே கொடலப் புடுங்குது. ஒனக்குத் தெரியலயா?"

வேல்ராஜ் கடலைப் பார்த்தான். "எனக்கு வாசனை தெரியாது முதலாளி. ரெண்டு வருஷமா."

"அப்ப அந்தக் கார்க்கு?"

"எம் பொண்டாட்டி மோந்து சொன்னது."

முனீஸ்வரன் இரண்டடி பின்னே நகர்ந்தார். கோபம் வந்திருந்தால் வேல்ராஜுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் கண்ணில் இருந்தது பயம். கடைசியில், "பட்டியல் அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு" என்றார். "நீ இனி இங்கன வர வேணாம்ப்பா."

வீட்டு வாசலில் அவனைத் தாண்டிப் போன வீரலட்சுமி நின்றாள். திரும்பி வந்து அவன் சட்டையை இழுத்து மோந்தாள். இடது மூக்கு ஏறியது. சட்டைப் பையில் கையை விட்டாள். தீப்பெட்டி. அதை எடுத்து வந்ததே அவனுக்குத் தெரியாது. நேராகத் தண்ணீர்க் குடத்துக்குள் முக்கிவிட்டு, அவன் நெஞ்சில் முஷ்டியால் குத்தினாள். குத்திக்கொண்டே அழுதாள்.

அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. கடையில் பரோட்டா வாங்கி வந்தான். இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள்.

"சால்னா எப்படி வாசம் அடிக்குது? சொல்லேன்."

"பட்டை கூடிப்போச்சு. தேங்காய நல்லா வறுத்திருக்கான். அடியில கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். தலையை அடுப்படிப் பக்கம் திருப்பினாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

ஆனாலும் எழுந்து போனாள். சிலிண்டர் திருகை அவள் இறுக்கும் சத்தம் கேட்டது. வேல்ராஜ் பரோட்டாவைப் பிய்க்காமல், அவள் திரும்பி வரும்போது மூக்கு எப்படி இருக்கும் என்று அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.