காகிதத்தில் கிடைத்த முன் சீட்

மூன்று வருஷம் அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துதான் மாதா கோயிலுக்குப் போய்வந்தேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, அடுத்த தெரு அண்ணனும் அவர் மனைவி அக்காவும் என் கேட் முன்னால் வந்து ஒரு ஹாரன் அடிப்பார்கள். அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். எனக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. போர்ட் கிள்ளானில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வுபெற்ற பிறகு, நான் வாய் திறப்பதே அந்த ஹாரன் சத்தத்துக்குப் பிறகுதான்.

கார் கிளம்பியதும் ஜெபமாலை தொடங்கிவிடும். ஒவ்வொரு ஜெபத்திலும் முதல் பாதியை அண்ணன் சொல்வார், மறுபாதியை அக்காவும் நானும் சொல்வோம். மாலை அவருடைய இடது கையில் இருக்கும், அதே கையால் கியரும் போடுவார். யாருக்கும் அது ஆபத்தாகத் தோன்றியதில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டு போகிறவர்களுக்கு என்ன வந்துவிடும் என்ற தைரியம்.

ஒரு ஞாயிறு, மேரு சாலைச் சந்திப்பை நெருங்கும்போது மாலையின் மூன்றாவது பத்து மணிகளில் அண்ணனுக்கு எண்ணிக்கை தவறியது. “எட்டா, ஒன்பதா?” என்று கேட்டபடி கையைப் பார்த்தார். அக்கா குனிந்து தன் மாலையைப் பார்த்தார். விளக்கு சிவப்பாக இருந்ததை நான் மட்டும் பார்த்தேன். கத்தியிருக்கலாம். ஆனால் என் வாயில் பாதி ஜெபம் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் “அண்ணே!” என்றேன். அதற்குள் ஒரு மோட்டார்சைக்கிள் எங்கள் முன்னால் வந்து இடிபட்டுவிட்டது.

தொழிற்சாலைச் சட்டை போட்ட மனிதர். இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். கால் முறிந்து, “அம்மா, அம்மா” என்று முனகினார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் தலைப்பக்கம் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

புதன்கிழமை போலீஸிலிருந்து போன் வந்தது. நான் சாட்சியாம், வாக்குமூலம் கொடுக்க வரவேண்டுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன்.

“ஆமாங்க, உங்க பேர கொடுத்திருக்கோம். பச்சை லைட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க லா. அந்த ஆளுதான் சிவப்புல வந்தான்னு ரிப்போர்ட் போட்டாச்சு. இல்லேன்னா அண்ணன் லைசென்ஸ் போயிரும், அப்புறம் வேன் எப்படி ஓட்டுறது?”

“அந்த ஆளுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காதே அக்கா.”

“நம்ம ஆளுங்களுக்கு நாமதானே பாக்கணும்.”

நம்ம ஆளுங்க. அந்த வார்த்தை எனக்கு இனித்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வீட்டுக்குள் சுற்றினேன்.

மறுநாள் பாலாயில், அதாவது போலீஸ் நிலையத்தில், மலாய்க்கார சார்ஜன் ரிப்போர்ட்டை எனக்குப் படித்துக் காட்டினார். விபத்தின்போது நான் ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன் சீட்டில் இருந்தேனாம். மனைவி பின் சீட்டிலாம். நான் அவர்களுடைய நெருங்கிய குடும்ப நண்பராம். போன வருஷம் அவர்கள் மகள் கல்யாணத்துக்கு எனக்குக் கார்டு வரவில்லை. கேட்டதற்கு, மறந்துபோச்சு என்றார்கள். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை முன்னால் உட்காரச் சொன்னதில்லை. பொய் சொல்ல ஆள் தேவைப்பட்டதும் தூக்கி முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதற்கு அடியில், இந்தப் பொய் நிஜமாக இருந்திருக்கக் கூடாதா என்ற ஏக்கமும் இருந்தது.

குடை நிழலில் முனகிக்கொண்டிருந்த முகம் நினைவுக்கு வந்தது. நான் பின் சீட்டில் இருந்தேன், விளக்கு சிவப்பு என்று சொன்னேன்.

“பார்த்தீர்கள் என்றால் ஏன் கத்தவில்லை?” என்று கேட்டார் சார்ஜன்.

“ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன்.”

சார்ஜன் அதையும் தட்டச்சு செய்துகொண்டார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வரமாட்டார்கள் என்று தெரிந்தும், சேலை கட்டிக்கொண்டு ஏழு மணிக்குக் கேட்டில் நின்றேன். கார் வந்தது. என் வீட்டு முன்னால் வேகம் குறைந்தது. நான் கேட்டைத் திறந்துவிட்டேன். சாலையின் வேகத்தடை மேட்டுக்காகத்தான் குறைத்திருக்கிறார்கள். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டு காலியாகப் போனது.

வாடகைக் கார் ஒன்றை அழைத்தேன். பழக்க தோஷத்தில் பின்னால் ஏறிக்கொண்டு, பையிலிருந்து மாலையை எடுத்தேன். சந்திப்பில் விளக்கு சிவப்பாக இருந்தது, டிரைவர் நிறுத்தினார். முன்னாலிருந்து முதல் பாதி வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். விளக்கு பச்சைக்கு மாறிய பிறகுதான், அதையும் இனி நானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்று உறைத்தது.