புது உறையில் வந்த பிஸ்கட்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் நடந்தது இது. மல்லசமுத்திரத்தில் மாமனார் வீடு. மனைவி முதல் நாளே போய்விட்டாள். நானும் ஐந்து வயது மகளும் திருச்செங்கோடு பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தோம்.

மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. மூன்று வயதில், மாமனார் காட்டில் கடலை பறித்த நாளில் ஒரு பிடி தின்றுவிட்டு, உதடு வீங்கி, மூச்சுவிடத் திணறிய அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் சட்னியில் கடலை, தாளிப்பில் கடலெண்ணெய், வந்தவர்களுக்குக் கொடுப்பது கடலை உருண்டை. அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு பிஸ்கட் வாங்கிக்கொள்வோம். அதில் கடலை இல்லை என்று முதன்முறை வாங்கியபோதே படித்துப் பார்த்திருந்தேன். பிறகு படித்ததில்லை. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான்.

சூரமங்கலத்தில் நாங்கள் இருக்கும் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே உள்ள மளிகைக் கடையில்தான் வாங்குவோம். கடைக்காரரை எல்லோரும் பாய் என்போம். அன்று அவர் தொழுகைக்குப் போயிருந்தார். அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார். அதே பெயர், அதே மஞ்சள் நிறம். உறையில் மட்டும் 'இப்போது கூடுதல் புரதம்' என்று பெரிதாக அச்சாகியிருந்தது. நல்லதுதானே என்று பையில் போட்டேன். எந்த ஊருக்கு என்று அவர் கேட்டார், சொன்னேன்.

பேருந்து கிளம்பத் தயாரானது. மகள் பிஸ்கட் கேட்டாள். உறையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் கம்பியை யாரோ தட்டினார்கள். கீழே பாய் நின்றிருந்தார். தலையில் தொப்பி, சட்டை முழுக்க வியர்வை.

"சார், பாப்பா தின்னுட்டாளா?"

"இல்லைங்க பாய், இப்பத்தான் பிரிக்கிறேன்."

அவர் கம்பியைப் பிடித்தபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வேர்க்கடலை மாவு சேர்த்துத்தான் சத்தைக் கூட்டியிருக்காங்க சார். ஏஜென்ட் அதைச் சொல்லித்தான் சரக்கை இறக்கினான். உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். தொழுதுட்டு வந்தா, ரயில்வே சார் வாங்கிட்டுப் போனாருங்கறா எங்க ஊட்டுல."

பாக்கெட்டைத் திருப்பினேன். ஒட்டிய மடிப்புக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: வேர்க்கடலை மாவு. மகள் அதற்குள் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, ஒரு பிஸ்கோத்துப் பொட்டணத்துக்கா இந்த ஓட்டம்?"

"பிஸ்கோத்து நல்லதுதாம்மா. இந்தப் பாப்பாவுக்குத்தான் ஆவாது" என்றார் பாய்.

"அப்பக் குடுத்துரு சாமி" என்று அந்த அம்மாள் என் மகளின் கன்னத்தைத் தடவினார். "அவரு வேற தருவாரு பாரு."

உண்மையிலேயே தந்தார். பழைய சரக்கில் கடைசியாக மிஞ்சிய ஒரு பாக்கெட் அவர் சட்டைப் பையில் இருந்தது. நன்றி சொன்னேன். "மாத்திக் குடுத்ததுதானே சார், விடுங்க" என்று புதியதை வாங்கிக்கொண்டு, மொபட் நிறுத்தியிருந்த பக்கம் நடந்தார்.

எங்கள் வீட்டுச் சங்கதியை அவரிடம் நான் உட்கார்ந்து விளக்கியதே இல்லை. எப்போதோ ஒருமுறை அவர் அன்பாக நீட்டிய கடலை மிட்டாயை மகள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிவிட்டு, காரணத்தை ஒரே வரியில் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் மனதில் வைத்துக்கொண்டிருப்பார்கள். அவரும் மனதில் வைத்துக்கொண்டார், குழந்தைக்கு எது ஆகாது என்பதை மட்டும்.

இப்போது மகளே பாக்கெட்டைத் திருப்பி, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். படித்து முடித்தும் பிரிப்பதில்லை. "பாய் மாமா, திங்கலாமா?" என்று கேட்கிறாள். நானும் இப்போது பொடி எழுத்துகளை ஒன்றுவிடாமல் படிப்பவன்தான்; ஆனாலும் அவர் "தின்னு கண்ணு" என்று சொன்ன பிறகுதான் என் மனம் அடங்குகிறது.