எல்லாம் மாட்டிய ஜீப்

ஒரு வண்டியைப் பார்த்துக் கோபப்பட முடியுமா? முடியும். போன வாரம் அலங்காநல்லூரில் என் மச்சினன் தங்கராசு வீட்டு வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்து எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

போயிருந்தது என் மாமனாரின் கருமாதிக்கு. பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அந்த ஜீப்பைத்தான் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஏன் வர மாட்டார்கள்? முன்னால் இடி தாங்கும் இரும்புக் கார்டு, அதன் மேல் ஃபாக் லைட்டுகள், நடுவில் கம்பி வடம் சுற்றிய விஞ்ச், முரட்டுப் பட்டன் டயர், பின்னால் டீசல் ஜெர்ரி கேனுக்குத் தனி ஸ்டாண்டு... "மலையேறவே பொறந்த வண்டிப்பா" என்றார் ஒருவர்.

மலையா? தார் ரோட்டை விட்டே இறங்கியதில்லை அந்த வண்டி!

மாமா, அதாவது என் மாமனார், முன்னொரு நாள் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். எழுந்து நடந்தால் குலசாமி கருப்புக்கு வெண்கல மணி கட்டுவதாக வேண்டிக்கொண்டார். கம்பு ஊன்றி நடக்கிற அளவுக்கு எழுந்தும் விட்டார். மணியை வாங்கி மஞ்சள் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ஆனால் கோயில் இருப்பதோ நத்தம் பக்கம், மலையடிவாரத்தில். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடையைத் தாண்டி, மணலிலும் சேற்றிலும் நடக்க வேண்டும். அந்த இடுப்போடு அவர் எங்கே நடப்பது?

தங்கராசுக்கு அப்பா என்றால் உயிர். மிலிட்டரி ஏலத்தில் வந்த ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தான். வந்த அன்றைக்கே மாமா சலவை வேட்டி கட்டிக்கொண்டு ரெடி.

"நாளைக்கே போவமாடா?"

"பொறுங்கய்யா. மொத மொதல்ல சாமிகிட்ட போற வண்டி. கொறையோட கொண்டு போயி நிறுத்துனா நல்லாவா இருக்கும்? கார்டு ஒண்ணு மட்டும் மாட்டிட்டுப் போயிருவோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வண்டி வாங்கினால் முதல் ஓட்டம் குலசாமி வாசலுக்குத்தான். டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். அங்கே நிற்கிற வண்டி முழுசாக இருக்க வேண்டும் என்பது மட்டும் தங்கராசு தானாகச் சேர்த்துக்கொண்டது. முழுசு என்றால் எம்புட்டு? அதுதான் அவனுக்கே தெரியவில்லை.

கார்டு வந்தது. லைட் இல்லாமல் கார்டு மொட்டையாகத் தெரிந்தது. லைட் வந்தது. "மணல்ல சிக்கிட்டா?" என்று ஒரு கூட்டாளி கொளுத்திப் போட, பட்டன் டயர் வந்தது. "அதுவும் சிக்கிட்டா?" என்றான் இன்னொருவன். விஞ்ச்! அது இருந்தால் வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு கரையேறிவிடுமாம்.

நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "ஏன் மாப்ள, இழுக்கணும்னா வடத்தை எதுலயாச்சும் கட்டணுமே. ஓடைக்குள்ள மரமா இருக்கு?"

யோசித்தான். மறுவாரமே மண்ணில் அறைகிற இரும்பு முளைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான்! வாயைக் கொடுத்த என்னைச் சொல்ல வேண்டும்.

விஞ்ச் லேசில் கிடைக்கவில்லை. மதுரைப் பட்டறையில் இன்றைக்கு நாளைக்கு என்றார்கள். மாமா தினமும் சாயங்காலம் கம்பை ஊன்றி வந்து ஜீப்பின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார் — நிற்கிற வண்டியில். ஒருநாள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மாப்ளை, நீங்களாச்சும் சொல்லுங்க. போயிட்டு வந்து மாட்டக் கூடாதா இதையெல்லாம்? சிக்குனா என்ன, நாலு பேரு தள்ளுனா வந்துரப் போகுது."

சொன்னேன். தங்கராசு கேட்டால்தானே? "அய்யாவ நடு ஓடையில உக்கார வச்சு வேடிக்கை பாக்கச் சொல்றீகளா மச்சான்?" என்றான்.

விஞ்ச் மாட்டிய வாரம் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டது. அப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை.

இனி வருஷம் திரும்பும் வரை அந்த வீட்டார் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. வண்டி முழுசாகிவிட்டது, போகத்தான் வழியில்லை. அந்தக் கோபத்தோடுதான் நான் பந்தலில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது குலசாமி கோயில் பூசாரி துக்கம் விசாரிக்க வந்து இறங்கினார், ஒரு பழைய மொபெட்டில். தண்ணீர் கொடுத்துவிட்டுத் தங்கராசு கேட்டான்:

"ஓடையில மொபெட்டத் தூக்கிக்கிட்டா வந்தீக பூசாரியண்ணே?"

"எதுக்குத் தூக்கணும்? போன ஆடிக்கே பாலம் போட்டாச்சே தம்பி! கோயில் வாசல் வரைக்கும் சரளை ரோடு. பஸ்ஸே வந்து நிக்குது. உங்களுக்குச் சேதி தெரியாதா?"

தெரியாது. வண்டி முழுசாகட்டும் என்று இருந்ததில் அந்தப் பக்கம் யாருமே போகவில்லையே, எப்படித் தெரியும்?

தங்கராசு உள்ளே போய் மஞ்சள் துணி மூட்டையைக் கொண்டு வந்தான். வேண்டுதல் மாமாவுடையது, தானே கட்டிவிடுகிறேன் என்று பூசாரி வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்... தங்கராசு ஜீப்பின் கார்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு தடவ... ஒரே ஒரு தடவ சும்மா கூட்டிட்டுப் போயிருக்கலாமே மச்சான்..."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. நானும் அழுதேன்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே தங்கராசுதான். சோபா வாங்கிய பிறகு அக்காவைக் கூப்பிடலாம், பெயின்ட் அடித்த பிறகு பழைய சிநேகிதனை வரச் சொல்லலாம்... சோபா வந்துவிடும். அக்காதான் வந்திருக்க மாட்டாள்.

பூசாரி மணியை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக் கிளம்பினார். வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் மணி அடித்தது. தெருமுனை திரும்பும் வரை தங்கராசு தலை நிமிரவில்லை.

அந்த மொபெட்டில் ஹெட்லைட்கூடக் கிடையாது.